தாழியை உடைத்தவர் யார்?

நுகேகொடைச் சந்தியில் மாலை வேளையில் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி கண்ணிற்படாமற் போகாது. வீதியின் இருமருங்கிலும் கைப்பேசி விற்கும் கடைகள். அவற்றின் மூலையில், பழுதுபட்ட பேசிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணுக்குப் பூதக்கண்ணாடி இட்டவண்ணம் குனிந்திருக்கும் இளைஞர்கள். அவ்விளைஞர் சாமணத்தால் எடுத்து வைக்கும், விரல் நகத்திலும் சிறிய கரிய துண்டே குறைகடத்தி நுண்சில்லு எனப்படுவது. அது இந்நாட்டிற் செய்யப்பட்டதன்று. ஆயினும் அத்தொழில் இந்நாட்டில் வேரூன்றியிருக்கக்கூடும். செய்ய முன்வந்தவர்கள் நம் வாசல்வரை வந்தார்கள். வந்த வழியே திரும்பினார்கள். அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதை இந்த நுகேகொடை மண்ணும் அறியும்.

குறைகடத்தித் தொழிலை இலங்கைக்கு அழைத்து வருவோம் என்னும் பேச்சு அண்மை ஆண்டுகளிற் கொழும்பு மேடைகளில் மீண்டும் எழுந்துள்ளது. நல்ல பேச்சுத்தான், நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால், ஒரு முறை தோற்ற வழக்கை மறுபடியும் தொடுக்க எண்ணுபவன், முந்திய தீர்ப்பை ஒரு தடவையேனும் வாசித்துப் பார்க்க வேண்டாமா? எந்தக் குற்றத்தினால் அன்று தோற்றோம் என்று அறியாதவன் இன்று எந்த நியாயத்தைக் காட்டி வெல்லப் போகிறான்?

இதனைப் படிக்கும் கமக்காரர் ஒருவர், "நுண்சில்லுக்கும் எனக்கும் என்ன உறவு?" என்று வினவலாம். உறவு நெருக்கமானது. சந்தையில் வெங்காய விலை கேட்கும் கைப்பேசியிலும், சூரிய ஒளியால் இயங்கும் நீர்ப்பம்பியின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும், வங்கி அட்டையிலும், பிள்ளைக்கு இருதயப் பரிசோதனை செய்யும் ஆஸ்பத்திரிக் கருவியிலும் அது இருக்கிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் நுண்சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஜேர்மனியிலும் மோட்டார் வாகன ஆலைகள் வேலையின்றி நின்றன. நெல்லில்லாத நாடு பட்டினி கிடப்பதுபோல, நுண்சில்லு இல்லாத நாடு முடங்கிக் கிடக்கும் காலம் இது.

இத்துண்டின் பிறப்பு மணலில். நுட்பமாகக் கூறின், குவாட்ஸ் என்னும் வெண்படிகக் கல்லில். அக்கல்லிலிருந்து சிலிக்கனை எடுத்துத் தூய்மை செய்து, உருளையாக வளர்த்து, மெல்லிய வட்டத் தகடுகளாக அறுத்து, அவற்றின்மேல் ஒளியைக்கொண்டு சுற்றுக்களை வரைந்து, துண்டு துண்டாக நறுக்கி, உறையிட்டுச் சோதித்து அனுப்புகிறார்கள். இவ்வேலைகள் அனைத்தையும் தனியே செய்யும் நாடு உலகில் இல்லை. சிலிக்கனை உருக்கும் மூசைகளுக்கு வேண்டிய மிகத் தூய குவாட்ஸின் பெரும்பகுதி அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள ஸ்புரூஸ் பைன் என்னும் சிற்றூரிலிருந்து வருகிறது. மிக நுண்ணிய சுற்றுக்களை வரையும் இயந்திரத்தைச் செய்யும் நிறுவனம் உலகில் ஒன்றே. அது ஒருகாலத்தில் நம் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரின் நாடாகிய நெதர்லாந்தில் உள்ளது. அந்த இயந்திரங்களைக்கொண்டு மிக முன்னேறிய நுண்சில்லுகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கைச் செய்து தருவது தைவான் என்னும் தீவு. பரப்பில் அது இலங்கையிலும் சிறியது.

ஆகவேதான் இத்துண்டின் பின்னால் வல்லரசுகள் மோதிக்கொள்கின்றன. 2022 ஓகஸ்டில் அமெரிக்கா தன் மண்ணில் இத்தொழிலை வளர்ப்பதற்கென ஏறக்குறைய 5,270 கோடி டொலர் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு ஒக்டோபரில், முன்னேறிய நுண்சில்லுகளும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் சீனாவுக்குப் போகாதவாறு தடை விதித்தது. சீனா வாளாவிருக்கவில்லை. இத்தொழிலுக்கு வேண்டிய காலியம், ஜேர்மானியம் ஆகிய உலோகங்களின் ஏற்றுமதியை 2023 ஓகஸ்டு முதற் கட்டுப்படுத்தியது. இந்தியா 2021 டிசெம்பரில் 76,000 கோடி இந்திய ரூபாவை இத்தொழிலுக்கென ஒதுக்கியது. ஒரே நாட்டை நம்பியிருத்தல் ஆபத்து என்று கண்ட பெருங் கொம்பனிகள் இன்று மூன்றாவது இடம், நான்காவது இடம் என்று தேடி அலைகின்றன. இந்தத் தேட்டம் தங்கள் பக்கம் திரும்பாதா என்பதே கொழும்பு மேடைகளின் ஏக்கம்.

ஒருமுறை திரும்பியது. அந்த வரலாற்றைக் கூறுமுன், மலாயாத் தமிழரால் நமக்கு அறிமுகமான பினாங்குத் தீவை ஒரு கணம் நோக்குவோம்.

1969 மே மாதம் 13ஆந் திகதி கோலாலம்பூரில் மலாயருக்கும் சீனருக்குமிடையே இனக்கலகம் மூண்டது. அதே ஆண்டில் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுக நிலையை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அவ்வாண்டில் முதலமைச்சரான லிம் சொங் இயூ வெளிநாட்டுக் கொம்பனிகளைத் தேடிச் சென்று அழைத்தார். 1972இல் பாயன் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. நெல்வயல்களாக இருந்த நிலத்திலே இன்டெல் கொம்பனி தன் ஆலையை எழுப்பியது. 1975இல் அந்த ஆலை தீப்பற்றி எரிந்தது. கொம்பனி ஓடிவிடவில்லை, மீண்டும் கட்டியது. இன்று உலகின் நுண்சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு மலேசியாவில் நடைபெறுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம், சிங்கப்பூரைப் போலாவோம் என்னும் கனவோடு கதவைத் திறந்தது. 1978இற் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு சட்டத்தால் நிறுவப்பட்டு, கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது. முதலில் வந்தவை தையல் ஆலைகள். எண்பதுகளின் தொடக்கத்தில் மோட்டரோலா, ஹரிஸ் என்னும் அமெரிக்கக் கொம்பனிகள் இரண்டு இங்கு ஆலை அமைக்கத் திட்டமிட்டன. இரண்டும் அக்காலத்தில் நுண்சில்லுத் தொழிலில் பெயர்பெற்றவை. வெண்ணெய் திரண்டு வந்தது. அவ்வேளையிலே தாழி உடைந்தது.

1983 ஜூலை 24ஆந் திகதி இரவு பொரளையில் மூண்ட தீ, நுகேகொடை, தெகிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று ஊர் ஊராகப் பரவியது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்தார்கள். கடை எரிந்தது, ஆலை எரிந்தது, ஆலைக்குள் சிங்களத் தொழிலாளியின் வேலையும் சேர்ந்தே எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் கோயில்களிலும் பாடசாலைகளிலும் அகதிகளாய்க் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். நாட்டின் தலைவர் நான்கு நாட்கள் கழித்து, 28ஆந் திகதியே மக்கள் முன் பேசினார். வீடிழந்தவருக்கு ஓர் அனுதாப வார்த்தையும் அப்பேச்சில் இருக்கவில்லை. அடுத்த மாதம் 8ஆந் திகதி, அரசியலமைப்புக்கு ஆறாவது திருத்தம் வந்தது. அதன் விளைவாகத் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். எரித்தவன் தண்டனை பெறவில்லை. எரிக்கப்பட்டவனின் பிரதிநிதி வெளியேற்றப்பட்டான். இதைக் கண்டபின் மோட்டரோலாவும் ஹரிசும் பெட்டியைக் கட்டின.

பினாங்கில் ஆலையே எரிந்தது, கொம்பனி நின்றது. இங்கு அவர்களின் ஆலை எரியவில்லை, கொம்பனி போய்விட்டது. தீ எங்கும் பற்றும். அணைக்க வேண்டியவன் அணைப்பானா என்பதையே முதலிடுபவன் பார்க்கிறான். பினாங்குத் தீ விபத்து. கொழும்புத் தீ, காவல் நிற்க வேண்டிய அரசு கைகட்டி நின்றபோது எரிந்த தீ.

சட்டம் பயின்றவர்களுக்கு இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையை எடுத்துப் பார்க்க. வெளிநாட்டு அரசுகளுடன் செய்யப்படும் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரித்தால், தேசிய பாதுகாப்பின் பொருட்டன்றி அவற்றுக்கு முரணாக எந்தச் சட்டமும் இயற்றலாகாது என்று அது கூறுகிறது. அந்நியர் பணத்துக்கு இத்துணைக் காவல்! சிறுபான்மை மக்களுக்குப் பாரபட்சமான சட்டம் இயற்றலாகாது என்றிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவோ, 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்புடன் மறைந்துபோயிற்று. சமத்துவத்தை உறுதிப்படுத்தும் 12ஆம் உறுப்புரை 1978ஆம் ஆண்டு யாப்பில் இருக்கிறதே என்பர். இருக்கிறது, 1983 ஜூலையிலும் இருந்தது. ஏட்டில் இருந்த சமத்துவம் நுகேகொடையில் ஒரு வீட்டுக் கதவையேனும் காத்ததா?

அந்த 29(2)ஆம் பிரிவு நடைமுறையில் இருந்த காலத்திலும் அதன் கதி என்ன? தனிச் சிங்களச் சட்டத்தின் பயனாகச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்காட முடியாது என்று கூறித் தள்ளியது. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அது தவறென்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்னும் மூல வினாவுக்கோ இறுதிவரை விடை கிடைக்கவில்லை. தன் சொந்த எழுதுவினைஞனுக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு கடந்தும் ஒரு நேரான விடையளிக்காத நாட்டில், கோடிக்கணக்கான டொலரைப் புதைக்க எவன் துணிவான்?

"எல்லாவற்றுக்கும் காரணம் புலிகளின் யுத்தமே" என்று தென்னிலங்கையிற் சொல்வோர் உளர். வழக்கறிஞன் மறுதரப்பின் சாட்சியத்தையும் மறைக்கலாகாது. ஜூலை 23ஆந் திகதி திருநெல்வேலியிற் பதின்மூன்று படைவீரர் கொல்லப்பட்டது உண்மை. 2001 ஜூலையிற் கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டதும், அவ்வாண்டில் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியதும் உண்மை. தமிழர் பெயரால் ஏந்தப்பட்ட ஆயுதமும் இந்நாட்டின் வாசலை அடைத்தது. அதில் தமிழனின் வாசலும் ஒன்று. இதை ஒப்புக்கொள்ள நாம் கூசவில்லை. ஆனால் திருநெல்வேலியிற் பொறித்த கண்ணிக்கு நுகேகொடையில் வாழ்ந்த ஆசிரியனும் கொட்டாஞ்சேனை வணிகனும் என்ன பொறுப்பு? ஒருவன் செய்த குற்றத்துக்கு மற்றொருவனைத் தண்டிக்கும் நாட்டை, சட்டம் ஆளும் நாடு என்று எவரும் கருதார்.

"மலேசியாவிலும் மலாயருக்கே முன்னுரிமை, சீனாவில் எந்தச் சட்டம் ஆளுகிறது? அங்கெல்லாம் ஆலைகள் போகவில்லையா?" என்பது மற்றொரு வாதம். போயின. மலேசியாவின் முன்னுரிமைக் கொள்கையை நாம் நியாயமென்று கூறோம்; ஆயினும் 1969இன் பின் அங்கு அத்தகைய கலகம் மீண்டும் எரிய விடப்படவில்லை. இங்கோ 1956, 1958, 1977, 1981, 1983 என்று நாட்காட்டியிற் குறித்து வைக்கலாம். சீனாவுக்கு நூற்று நாற்பது கோடி மக்களின் சந்தை உண்டு. அதற்காக எதையும் சகிப்பார்கள். சிறிய நாட்டுக்கு அத்தகைய சந்தை இல்லை. அதன் மூலதனம் அதன் சொல் ஒன்றே. சொன்ன சொல்லைக் காக்காத சிறிய நாட்டிடம் யார் எதை ஒப்படைப்பார்?

மோட்டரோலா வந்திருந்தால் இலங்கை இன்னொரு பினாங்காகியிருக்கும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. குறைந்த கூலிக்குப் பெண்களைக் கண்ணொளி மங்கும்வரை உழைக்கவைத்த பொருத்து வேலைகளும் அத்தொழிலில் உண்டு. எனினும் பொருத்து வேலையிலிருந்து சோதனைக்கும், சோதனையிலிருந்து வடிவமைப்புக்கும் படிப்படியாக ஏறிய நாடுகள் உண்டு. முதற்படியையே எரித்தவனுக்கு இரண்டாம் படி ஏது?

ஏறுவதற்கு வேண்டிய ஆட்களும் இருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்திற் பொறியியற் பீடத்துள் நுழையச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227 புள்ளி போதும்; தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 வேண்டும் என்றார்கள். அன்று வாசலில் தடுக்கப்பட்டவனும், பின்னர் உயிருக்கு அஞ்சி ஓடியவனும் இன்று கலிபோர்னியாவிலும் தொரன்டோவிலும் இலண்டனிலும் பிற நாட்டாரின் தொழிலை வளர்க்கிறார்கள். அவர்களோடு நல்ல சிங்கள மூளைகளும் வெளியேறின. 2022இன் பின் அந்த ஓட்டம் பெருகியது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது. ஏப்ரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திவிட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது. கண்ணிமைக்கும் நேரம் மின் தடைப்பட்டாலும் தகடுகள் பாழாகும் தொழிலை, இந்நிலையிலுள்ள நாட்டுக்கு அழைப்பது எங்ஙனம்?

இனிக் கமக்காரருக்கு ஓர் எச்சரிக்கை. தொழில் வருகிறதென்றவுடன் ஆடிப்பாட வேண்டியதில்லை. நுண்சில்லு ஆலை நீரைக் குடிக்கும் பூதம். 2021இல் தைவானில் வரட்சி ஏற்பட்டபோது, ஆலைகளின் நீரைக் காப்பதற்காகப் பல்லாயிரம் ஹெக்டேர் வயல்களுக்குப் பாசன நீர் நிறுத்தப்பட்டது. அங்கு உழவருக்கு நட்டஈடு கொடுத்தார்கள். இங்கு? சுன்னாகத்தில் மின்னிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2019இலேயே இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்தது. அதற்குள் எத்தனை கிணறு பாழ், எத்தனை தோட்டம் வாட்டம்! சுண்ணாம்புக் கல்லின் இடுக்கில் நிற்கும் நன்னீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய பேராலை அமைப்பது தற்கொலை. நமக்கு ஏற்றது வடிவமைப்பும் சோதனையும்; அதற்கு வேண்டுவது நீரன்று, படித்த பிள்ளைகள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. அப்பீடத்துக்கு ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதிய பணமும் கேட்பது நம் முதற் கோரிக்கையாதல் வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை மணலைப் பற்றியது. புல்மோட்டைக் கனிய மணலுக்கென 1957இற் கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். அது நுண்சில்லுக்குரிய மணலன்று. எனினும் அதன் கதை நமக்குப் பாடம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரும்பாலும் மூலப்பொருளாகவே அது கப்பலேறுகிறது. தோண்டிய குழி நமக்கு. பதப்படுத்திய பொருளின் இலாபம் பிறருக்கு. மன்னார்த் தீவில் மணல் அகழ்வுக்கெதிராக மக்கள் கிளர்ந்தெழுந்ததும், வடமராட்சி கிழக்கில் மணற்கொள்ளைக்கெதிராகக் குரல் எழுவதும் இந்த அனுபவத்தின் விளைவே. வல்லரசுகளின் போட்டியிற் கனிமத்தின் விலை ஏறும்போது நம் கரையோரத்தின்மேல் கழுகுகள் வட்டமிடும். அப்பொழுது நிலம் யார் கையில் என்ற வினா எழும். 1987இற் பதின்மூன்றாவது திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்ததாகக் கூறிய காணி அதிகாரம் இன்றும் ஏட்டுச் சுரைக்காயே. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும், வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மக்களால் தெரியப்பட்ட சபை இல்லாத மாகாணத்தில், மணலுக்கும் நீருக்கும் உடன்படிக்கை எழுதும்போது கமக்காரன் சார்பிற் கையொப்பமிட மறுப்பவர் யார்?

ஆகவே ஆள்வோருக்கு நாம் கூறுவது இதுவே. வெளிநாட்டுக்குத் தூதுக்குழு அனுப்புங்கள்; வரிவிலக்கும் கொடுங்கள். ஆனால் வருபவன் உங்கள் விளம்பர ஏட்டை மட்டும் வாசிக்கமாட்டான். உங்கள் வரலாற்றையும் வாசிப்பான். மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடத்தி, சட்டப்படி அவற்றுக்குரிய காணி அதிகாரத்தைக் கொடுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்னும் பெயரில் 1979 முதல் சுமத்திய பாரத்தை, வேறு பெயரில் மீண்டும் கட்டாமல் இறக்குங்கள். தமிழ் மொழியில் அரசாங்கத்தோடு கருமமாற்றும் உரிமையை நடைமுறையில் நிலைநாட்டுங்கள். 1983க்குப் பொறுப்பானோர் யாரென்பதை அரசு தன் வாயாற் கூறட்டும். இவற்றை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை. இவை நமக்குரியவை, தென்னிலங்கைத் தாயின் பிள்ளைக்கும் வேலை கிடைக்க இவையே வழி.

நம்மவருக்குக் கூறுவதும் ஒன்றுண்டு. வெளிநாட்டு விசா ஒன்றே கல்வியின் பயன் என்னும் எண்ணத்தைக் கைவிடுவோம். புலம்பெயர்ந்த நம் பொறியியலாளர் அனுப்பும் பணம் கோயிற் கோபுரத்தோடு நில்லாது, கிளிநொச்சி ஆய்வுகூடத்தையும் எட்டட்டும். ஆலை வந்தால் நீருக்கும் நிலத்துக்கும் என்ன நிபந்தனை விதிப்பது என்பதைக் கமக்காரர் சங்கங்களும் சட்டத்தரணிகளும் இப்பொழுதே கூடி எழுதி வைக்கட்டும்.

வெண்ணெய் இன்னொரு முறை திரளக்கூடும். உலகப் போட்டி அதற்கு இடமளிக்கிறது. ஆனால் உடைந்த தாழியை ஒட்டவைத்து, அதன் வெடிப்பின்மேல் வர்ணம் பூசி வைத்திருப்பவனின் கையில் மோரும் நில்லாது. புதிய தாழியை வனைக. அதன் பெயர் சமநீதி.